பணம் திரும்பி வந்தால் போதுமா?

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்தில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வேளி தோபிகானாவில் துணி வெளுக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைத்துத் தரம் பிரிக்கிறவர்களுக்கும், சுள்ளிக்கல்லிலும் தோப்பும்படியிலும் இட்லிக் கடை, தையல் கடை, பலசரக்குக் கடை நடத்துகிறவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஃபோனில் தேடி விலை பார்த்து ஆர்டர் போடுவது பெரும்பாலும் அவர்கள். ஆர்டர் ரத்தானால் "நீ எங்கேயோ தப்பா அமுக்கியிருப்பே" என்று வீட்டில் திட்டு வாங்குவதும் அவர்கள்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் நம் தெருக்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. நடுராத்திரியில் தள்ளுபடி திறக்கும். கண்விழித்திருந்து ஒரு கிரைண்டரோ வாஷிங் மெஷினோ ஃபோனோ ஆர்டர் போடுவோம். பணம் போகும். "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்று செய்தி வரும். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்படுவோம். ஓரிரு நாளில் இன்னொரு செய்தி வரும்: தவிர்க்க முடியாத காரணத்தால் ஆர்டர் ரத்து, பணம் சில வேலை நாள்களில் கணக்குக்குத் திரும்பும். பதறிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பொருள் அங்கேயேதான் இருக்கும். விலை மட்டும் ஏறியிருக்கும்.

அப்போது நாம் எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "பணம் வந்துடுச்சில்ல, விடு." அப்படி விடக் கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

பணம் வந்துவிட்டது உண்மை. ஆனால் போனது பணம் மட்டுமா? அந்த விலையை நம்பி வேறு கடையில் வாங்காமல் இருந்தோம். அடுத்த கடையின் தள்ளுபடி நாளும் போய்விட்டது. நம் பணம் ஒரு வாரம் அவர்கள் கையில் இருந்தது. வாடகைக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கட்டியவருக்கு அந்த ஒரு வாரம் லேசானதல்ல. விலை குறைத்துக் கூட்டத்தைக் கூட்டிய கம்பெனிக்கோ அந்த விளம்பரத்தால் வந்த லாபம் முழுசாகக் கிடைத்துவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததற்கு அது ஒரு பைசாகூடச் செலவழிக்கவில்லை.

ஒடிசாவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் இப்படி விடாமல் நின்றார். 2014-இல் அமேசானில் ஒரு லேப்டாப் விளம்பரம் பார்த்தார். 23,499 ரூபாய் லேப்டாப், தள்ளுபடி போக வெறும் 190 ரூபாய். ஆர்டர் போட்டார், உறுதிச் செய்தியும் வந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கஸ்டமர் கேரிலிருந்து அழைப்பு: விலையில் ஏதோ சிக்கல், ஆர்டர் ரத்து. படிப்புக்கான புராஜெக்டை முடிக்க அவருக்கு லேப்டாப் தேவைப்பட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், பலனில்லை. கடைசியில் முழு விலை கொடுத்து வேறொன்று வாங்கிக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். சேவைக் குறைபாடு நடந்திருக்கிறது என்று மன்றம் ஒப்புக்கொண்டது. சிறு தொகை இழப்பீடாகத் தரச் சொன்னது. அது போதாது என்று மாநில ஆணையத்துக்குப் போனார். 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், தண்டனை இழப்பீடாக 10,000, வழக்குச் செலவுக்கு 5,000.

தொகையைவிட ஆணையம் சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். தாங்கள் வெறும் இடைத்தரகர், ஒப்பந்தம் விற்பனையாளருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது என்று அமேசான் வாதாடியது. ஆணையம் அதை ஏற்கவில்லை. விளம்பரத்தில் விலை சொல்லியிருக்கிறார்கள், அதை நம்பி ஒருவர் ஆர்டர் போட்டிருக்கிறார், அந்த ஆர்டரை உறுதியும் செய்திருக்கிறார்கள்; அந்த இடத்தில் ஒப்பந்தம் முழுமையாகிவிட்டது என்றது.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வாயிதா சந்தை, இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வர்த்தகச் சங்கம், பல காலம் கூவி விற்கும் முறையில்தான் நடந்தது. தளத்தில் நின்று தரகர்கள் விலையைக் கூவுவார்கள். எதிரில் நிற்பவர் கையசைத்து ஒப்புக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. அடுத்த நிமிஷம் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூவியவர் கூவியவர்தான். "வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்று பின்வாங்கினால் மறுநாள் அவரோடு யார் வியாபாரம் பண்ணுவார்? கம்ப்யூட்டர் வந்தபின் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் மிளகு மூட்டைக்கு இருந்த அந்த ஒழுக்கம் மிக்ஸிக்கும் ஃபோனுக்கும் ஏன் இருக்கக் கூடாது?

கம்பெனிகள் இதற்கு மூன்று பதில் வைத்திருக்கின்றன. மூன்றையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோனில் இனிமையாகப் பேசும் குரல் ஒன்று நம் வாயை அடைத்துவிடும்.

"விலை தவறாகப் பதிவாகிவிட்டது" என்பது முதல் பதில். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே முக்கிய விஷயத்தில் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது. அது 20-ஆம் பிரிவு. ஒரு தரப்பு மட்டும் தவறு செய்திருந்தால், அந்த ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை உதற முடியாது. அது 22-ஆம் பிரிவு. விலையைத் தட்டியது கம்பெனி, தவறியதும் கம்பெனி. அதன் சுமையை ஏன் நம் தலையில் இறக்க வேண்டும்?

ஆனால் இதில் ஒரு எல்லை உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது உங்களுக்கு நல்லது செய்வதாகாது. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு ஆன்லைன் கடை 3,854 டாலர் லேசர் பிரிண்டரைத் தவறுதலாக 66 டாலர் என்று போட்டுவிட்டது. பயிற்சிக்காகத் தட்டிய எண் விற்பனைப் பக்கத்தில் ஏறிப்போனது. நண்பர்கள் ஆறு பேர் பின்னிரவில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். தானாகவே உறுதி மெயிலும் போனது. கடை பின்வாங்கியதும் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2004-இல் உயர் நீதிமன்றமும் அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரே விதமாகச் சொன்னன: இது தவறான விலை என்று தெரிந்தே பாய்ந்திருக்கிறீர்கள், அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குச் சட்டம் துணை நிற்காது.

அங்கே ஆறு பேர் ஆயிரக்கணக்கில் விற்றுக் காசு பண்ணப் பார்த்தார்கள். ஒடிசா மாணவர் தன் படிப்புக்கு ஒரு லேப்டாப் கேட்டார். இந்த வித்தியாசம் முக்கியம். ஒடிசா ஆணையமும் 190 ரூபாய்க்கே லேப்டாப்பைக் கொடு என்று உத்தரவிடவில்லை. நம்ப வைத்து ஏமாற்றியதற்கு இழப்பீடுதான் கொடுக்கச் சொன்னது. எனவே யாராவது வாட்ஸ்ஆப் குழுவில் "சீக்கிரம் போடுங்க, விலை தப்பா வந்திருக்கு" என்று இணைப்பை அனுப்பினால் அதில் குதிக்காதீர்கள். அந்தச் செய்தியே நாளை உங்களுக்கு எதிரான சாட்சி. நான் பேசுவது நம்பத்தக்க விலைகளைப் பற்றி. 18,000 ரூபாய் வாஷிங் மெஷின் ஓணத் தள்ளுபடியில் 12,500 என்று வந்தால் அதை நம்புவதில் என்ன தவறு? தள்ளுபடி என்று கூவி அழைத்தவர்கள் அவர்கள்தானே.

வெளிநாட்டில் கம்பெனிகள் வேறு மாதிரியும் நடந்திருக்கின்றன. இங்கிலாந்தில் கோடாக் கம்பெனி 329 பவுண்டு கேமரா செட்டைத் தன் இணையக் கடையில் 100 பவுண்டு என்று போட்டுவிட்டது. 2002 ஜனவரியில் முதலில் மறுத்தார்கள். உறுதி மெயில் வந்துவிட்டது, ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று வாங்கியவர்கள் கூட்டமாக நின்றதும் சொன்ன விலைக்கே அனுப்பிவைத்தார்கள். தீர்ப்பு வரும்வரைகூடப் போகவில்லை. கூட்டமாக நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். கீழே அதற்கு வருகிறேன்.

இரண்டாவது பதில், "நாங்கள் விற்பதில்லை, விற்பவர் வேறு, நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம்." ஒடிசாவில் இந்த வாதம் எடுபடவில்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் தளங்களுக்கும் தனியாகக் கடமை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். ஆகவே புகார் எழுதும்போது தளத்தையும் விற்பனையாளரையும் இரண்டு எதிர்த்தரப்புகளாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

அதே விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம் இருக்கிறது. வாங்குபவர் உறுதியான ஆர்டரை ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் கம்பெனி, தானே தன்னிச்சையாக ரத்து செய்யும்போது அதேபோன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். இல்லையென்றால் நம்மிடம் பிடிக்கவே கூடாது. ரத்துக் கட்டணம் பிடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அந்த ரசீதையும் புகாரோடு இணையுங்கள்.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கஷ்டமானது. பல தளங்களின் நிபந்தனைகளில், நீங்கள் போடும் ஆர்டர் ஒரு விண்ணப்பம் மட்டும்தான், பொருளை அனுப்பிய பிறகே நாங்கள் ஏற்றுக்கொண்டதாகும் என்று எழுதியிருக்கும். ஆர்டர் போடும் நேரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? இப்படி ஒரு வரி இருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வகையைச் சொல்கிறது. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையும் அதில் அடங்கும். அந்த வரியையே எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால் மாவட்ட ஆணையத்தில் முடியாது, திருவனந்தபுரத்தில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நம்மில் பலருக்கு அது தேவைப்படாது. ஏனென்றால் அந்த வரியைத் தொடாமலே, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற காரணத்தை வைத்து மாவட்ட ஆணையத்தில் கேட்கலாம். சொன்ன விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் மலிவு விலை விளம்பரம் செய்வதைச் சட்டத்தின் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறை என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை இன்னும் விளக்குகிறது. தூண்டில் போடுவது போன்ற விளம்பரம் கூடாது. சொன்ன விலைக்கு விற்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான சரக்கு இருக்க வேண்டும். சரக்குக் குறைவென்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் இன்னொரு வழிகாட்டுதல் வந்தது. வாங்குபவரை ஏமாற்றும் வகையில் பக்கங்களை அமைக்கும் 13 தந்திரங்களை அது தடை செய்கிறது. "இன்னும் 2 மட்டுமே மீதி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசிக் கட்டத்தில் புதுக் கட்டணங்களைச் சேர்த்து விலையை ஏற்றுவது, ஒரு பொருளைக் காட்டி இழுத்துவிட்டு வேறொன்றைத் தலையில் கட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆடித் தள்ளுபடி பலகையில் எழுதிய விலையை நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் கல்லாவில் மாற்றிச் சொன்னால் நாம் விடுவோமா? அதே கேள்விதான் இங்கேயும்.

மும்பையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் அனுபவத்துக்கு அதுதான் ரொம்ப நெருக்கம். 2022 ஜூலையில் தாதரைச் சேர்ந்த ஒருவர் ஃபிளிப்கார்ட்டில் ஐஃபோன் ஒன்றுக்கு 39,628 ரூபாய் கட்டினார். சில நாளில் ஆர்டர் ரத்து என்று செய்தி. டெலிவரிக்கு வந்தபோது ஆள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பணம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி ஆர்டர் போடச் சொன்னார்கள்; அதற்குள் விலை ஏறியிருந்தது. மத்திய மும்பை மாவட்ட ஆணையம் 2024-இல் தீர்ப்பளித்தது: அதிக லாபத்துக்காக வேண்டுமென்றே ரத்து செய்திருக்கிறார்கள், இது சேவைக் குறைபாடும் நியாயமற்ற வணிக நடைமுறையும்தான், 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும். பணம் திரும்பி வந்துவிட்டதே என்ற வாதம் அங்கே அந்த மனிதரின் உரிமையை அழிக்கவில்லை. "பணம் வந்துடுச்சில்ல" என்று சொல்பவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இனி நம் எர்ணாகுளத்துக்கு வருவோம். நாம் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்லும் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் தகராறு தீர்வு ஆணையம் சாதாரண மனிதர்களின் சின்னச் சின்ன வழக்குகளை எடுத்து விசாரிக்கிற இடம். 2025-இல் அது ஒரு விசித்திரமான புகாரைத் தள்ளுபடி செய்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கோலஞ்சேரியில் ஒரு ஓட்டலில் பொரோட்டாவும் பீஃப் ஃபிரையும் வாங்கியவர், கிரேவி இலவசமாகத் தரவில்லை என்று புகார் கொடுத்தார். கிரேவி தருவதாக அந்த ஓட்டல் எங்கேயும் சொல்லவில்லை, ஆகவே கேட்க உரிமை இல்லை என்றது ஆணையம். மலையாளச் சேனல்களில் இது சிரிப்புச் செய்தியாக ஓடியது. எனக்கோ அது நமக்குச் சாதகமான தீர்ப்பாகவே தெரிந்தது. சொல்லாததைக் கேட்க முடியாது என்றால், சொன்னதைக் கேட்கலாம் என்றுதானே பொருள்? நம் கையில் அவர்கள் சொன்னதற்கு ஆதாரமாக உறுதிச் செய்தியே இருக்கிறது.

கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது, நான் எங்கே போய் வழக்குப் போடுவேன் என்று கேட்பவர்கள் உண்டு. போக வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம். தூத்துக்குடியிலோ தென்காசியிலோ ஆதார் முகவரி இருந்தாலும், இங்கே வேலை செய்வதைக் காட்ட முடிந்தால் எர்ணாகுளமே உங்கள் இடம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நீங்களே பேசலாம். வீட்டிலிருந்தே இணையத்தில் புகார் பதிவு செய்யலாம். ஃபோனில் பழகாதவர்களுக்கு அக்ஷயா மையங்கள் இருக்கின்றன. காணொளி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் படகேற வேண்டிய கட்டாயம் குறையும்.

கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டவர்களுக்கு ஒன்று. "நான் இன்னும் பணமே கட்டலையே, எனக்கு என்ன உரிமை?" என்று கேட்காதீர்கள். விலை கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர் என்று சட்டம் சொல்கிறது. இணையத்தில் வாங்குவதும் வாங்குவதுதான் என்பதும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

தோபிகானாக்காரர்களுக்கும் தையல் கடைக்காரர்களுக்கும் இன்னொன்று. வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லி உங்களை ஒதுக்கப் பார்ப்பார்கள். திரும்ப விற்பதற்காக வாங்கினால் அது பொருந்தும். ஆனால் உங்கள் கையாலேயே உழைத்துச் சொந்தப் பிழைப்புக்காகப் பயன்படுத்த வாங்கிய பொருள் என்றால், ஸ்டீம் அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின், இட்லிக் கடைக்கு மாவரைக்கும் கிரைண்டர் எதுவானாலும், சட்டம் உங்களை நுகர்வோராகவே வைத்திருக்கிறது. புகாரில் இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் எழுதுங்கள்: இது என் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது. பல நல்ல புகார்கள் இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் தடுமாறுகின்றன.

இப்போது ஆதாரம். விலையைப் பார்த்ததும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு ஆர்டர் போடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும், கடைக்காரர் பெயர் தெரிய வேண்டும், மொத்த விலை தெரிய வேண்டும். உறுதிச் செய்தியையும் ரத்துச் செய்தியையும் அழிக்காதீர்கள். ரத்தான பிறகு அதே பொருள் அதே பக்கத்தில் கூடுதல் விலைக்கு இருந்தால் அதையும் படம் பிடியுங்கள். வழக்கில் அதுதான் உயிர். கஸ்டமர் கேரிலிருந்து அழைத்து "நீங்களே ரத்து பண்ணிடுங்க, பணம் சீக்கிரம் வரும்" என்றால் செய்யாதீர்கள். நீங்கள் அமுக்கினால் வாங்கியவரே ரத்து செய்தார் என்றுதான் பதிவாகும். ஃபோனில் பேசியதை அன்றே சாட்டிலோ மெயிலிலோ எழுதி அனுப்பிவிடுங்கள்: இன்ன நேரத்தில் இன்னாரென்று சொல்லிக்கொண்டவர் இப்படிச் சொன்னார், எனக்குச் சம்மதம் இல்லை, சொன்ன விலைக்கே பொருள் வேண்டும். பணம் திரும்பி வந்தாலும், இதை வாங்கிக்கொண்டதால் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

அதன்பின் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்குப் புகார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முன்பே பல விஷயங்கள் அங்கே முடிந்துவிடுகின்றன. முடியவில்லை என்றால்தான் ஆணையம். வேறிடத்தில் அதே பொருளை வாங்க வேண்டி வந்திருந்தால் அந்த பில்லையும் இணைத்து, கூடுதலாகக் கொடுத்த தொகையைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டு எழுதாதீர்கள், கேட்பதில் நிதானம் இருந்தால் வாங்குவது எளிது.

இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் நீளும். ஒடிசா மாணவர் 2014-இல் ஆர்டர் போட்டார், கடைசித் தீர்ப்பு 2021-இல் வந்தது. தனியாக இவ்வளவு தூரம் நடப்பது கஷ்டம். அதனால்தான் நான் உங்களில் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஒரே தள்ளுபடியில் ஒரே பொருளுக்கு ஆர்டர் போட்டு ரத்தானவர்கள் நம் தெருக்களிலேயே பலர் இருப்பார்கள். ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே புகார் கொடுக்க 2019 சட்டத்தின் 35-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். தனி ஆளுக்கு இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலையல்ல; ஆனால் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போடும் அதிகாரம் அதற்கு உண்டு. கூட்டமாக நிற்கும்போது கம்பெனிகளின் குரல் மாறும். 2014 அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிளிப்கார்ட்டின் பெரிய தள்ளுபடி நாளில் விலை மாற்றமும் ஆர்டர் ரத்தும் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியபோது, நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்பு மெயில் அனுப்பினார்கள். அந்த ஒரே நாளில் 10 மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாகப் பெருமை சொன்ன கம்பெனி அது.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய கம்பெனிகளின் பெயரையும் சின்னத்தையும் போலி செய்து, ஓணத்துக்கு 500 ரூபாய்க்கு ஃபோன் என்று வரும் இணைப்புகள் வேறு ரகம். அது விலைத் தகராறு அல்ல, திருட்டு. அதில் பணம் போனால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு நடக்காதீர்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. போன ஓணத்துக்கோ தீபாவளிக்கோ ரத்தான ஆர்டர் என்றால் காலம் இன்னும் போய்விடவில்லை. ஃபோன் மாற்றியிருந்தால் பழைய ஃபோனை எடுத்து அந்தச் செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கில் உள்நுழைந்தால் ஆர்டர் வரலாற்றில் தேதியும் விலையும் இருக்கும், அதையும் படம் எடுத்து வையுங்கள். ஒரே தள்ளுபடியில் ஏமாந்த மற்றவர்கள் யார் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். மலையாளத்தில் எழுதத் தயக்கமாக இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுக்க நானும், பள்ளியில் மலையாளம் படித்த நம் பிள்ளைகள் சிலரும் தயாராக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேலை ஓய்ந்த பிறகு ஃபோனையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

அன்புடன்,
மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் அயல்வாசி